கிட் சரி என்கிறது, தண்ணீர் பச்சையாக நிற்கிறது

ஏப்ரல் 3, வாசகர் கேள்வி

வீட்டு நீச்சல் குளம். 8 மீட்டருக்கு 4 மீட்டர், ஒரு கோடியில் 1 மீட்டர் ஆழம், மறு கோடியில் 1.8. போன வருடம் முழுக்க மிதவையில் குளோரின் மாத்திரை மட்டும்தான் போட்டு வருகிறேன். மஞ்சள் நிறம் வரும் சோதனைக் கிட்டில் குளோரின் 3 காட்டுகிறது, பிஎச் 7.4. இரண்டும் டப்பாவில் போட்டிருக்கும் வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பச்சை. கடையில் பாசி மருந்து, தெளிய வைக்கும் மருந்து, பாஸ்பேட் நீக்கி என்று மூன்று பாட்டில் கட்டிவிட்டார்கள். மூன்றும் காலி, பச்சை அப்படியே. என்னைக் கேட்டால் இந்த அளவெல்லாம் சும்மா, மருந்து விற்கிற தந்திரம். யாராவது மறுக்க முடியுமா?

ஏப்ரல் 3, இரவு

பாதி மறுக்கிறேன். மூன்று பாட்டில் கட்டிவிட்டது வியாபாரம்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் அளவு சும்மா இல்லை. நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள், உங்கள் கிட் வேறொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மஞ்சளாக மாறும் சொட்டு என்றால் அது ஓடிஓ என்ற சாயம். அது காட்டுவது மொத்தக் குளோரின். வேலைக்குத் தயாராக இருக்கும் ஃப்ரீ குளோரினும், வியர்வை, சிறுநீர், அழுக்கு வழியாக வந்த அம்மோனியாவோடு ஒட்டிக்கொண்டு ஓய்ந்துபோன குளோரமினும் சேர்ந்துதான் அந்த 3. அதில் உருப்படியாக இருப்பது எவ்வளவு என்று மஞ்சளை எத்தனை உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

அடுத்தது மாத்திரை. மிதவையில் போடுவது பெரும்பாலும் ட்ரைக்ளோர். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும். ஸ்டெபிலைசர் என்று டப்பாவில் பெருமையாக எழுதியிருப்பது அதைத்தான். ட்ரைக்ளோர் வழியாக 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குளோரின் போட்டால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக்கும் இறங்கும். குளோரின் வெயிலில் போய்விடும், பாசியோடு மோதித் தீர்ந்துவிடும். சயனூரிக் ஆவியாகாது, தண்ணீரிலேயே கிடக்கும். நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகிற குளத்தில் மாதம் 36 பிபிஎம் ஏறும், நாலு மாதத்தில் 140ஐத் தாண்டும். உங்கள் குளம் ஒரு வருடமாக மாத்திரையில் ஓடுகிறது. மழையும், வடிகட்டியைக் கழுவித் தண்ணீரை வெளியேற்றும் பேக்வாஷும் கொஞ்சம் இறக்கியிருக்கும். எவ்வளவு என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அதனால் இரண்டு சோதனை செய்துவிட்டு வாருங்கள். சொட்டு எண்ணும் முறையில் ஃப்ரீ குளோரின், அப்புறம் சயனூரிக். அது வரை எதையும் ஊற்றாதீர்கள்.

ஏப்ரல் 4

பாசி மருந்து லேபிளைத் திருப்பிப் பாருங்கள். காப்பர் என்று ஏதாவது எழுதியிருந்தால் அந்தச் செம்பு இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது. சுவரில் கறை படிவதும், வெளிர் நிற முடிக்காரர்களுக்கு முடி பச்சையாவதும் அதன் கைங்கரியம். பழி மட்டும் குளோரின்மேல் விழும்.

ஏப்ரல் 4, சற்று நேரம் கழித்து

எத்தனை லிட்டர் என்று நீங்கள் சொல்லவில்லை, நானே போட்டுப் பார்த்தேன். சராசரி ஆழம் 1.4. 8 × 4 × 1.4 = 44.8 கன மீட்டர். 45,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இனி எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான். படிக்கட்டு, திண்ணை இருந்தால் கொஞ்சம் கழியுங்கள். குளம் கட்டியவர் வாய்வழியாகச் சொன்ன லிட்டரை நம்ப வேண்டாம். என் குளத்துக்குச் சொல்லப்பட்டதும் டேப் வைத்து அளந்ததும் ஒன்றுக்கொன்று சொந்தமே கொண்டாடவில்லை.

ஏப்ரல் 5

சயனூரிக் சோதனையைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். எல்லாச் சோதனையிலும் மனிதக் கண்ணை அதிகம் நம்பியிருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குளத்துத் தண்ணீரும், கிட்டோடு வரும் சோதனைத் திரவமான ரீஏஜென்டும் சம அளவு. ரீஏஜென்டில் மெலமின் இருக்கிறது, சயனூரிக்கோடு சேர்ந்து வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி கலங்கும். அரை நிமிடம் குலுக்கிவிட்டு, அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் மெல்ல ஊற்ற வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது புள்ளி மறைகிற இடத்தில் இருக்கும் கோடுதான் அளவு.

இங்கேதான் வம்பு. உற்றுப் பார்த்தால் புள்ளி மறையவே மறையாது, ஏனென்றால் அது அங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். குழாயை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள், வெயிலுக்கு முதுகைக் காட்டி நிழல் குழாய்மேல் விழட்டும், ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுங்கள். தெரிந்ததா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. சந்தேகமாக இருந்தால் கலவையைப் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றி மறுபடி நிரப்பிப் பார்க்கலாம், கெட்டுவிடாது. வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தால் அளவு கூடக் காட்டும், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு செய்யுங்கள்.

100 கோட்டுக்குக் கீழேயே புள்ளி மறைந்துவிட்டால் அளவு 100க்கு மேல். எவ்வளவு மேல் என்று குழாய் சொல்லாது. குளத்துத் தண்ணீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி கலந்து, அந்தக் கலவையை மாதிரியாக வைத்துச் செய்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள்.

ஏப்ரல் 5, இரவு

தண்ணீரில் முக்கி நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் போதாதா என்று ஒருவர். உப்புக்கு ஓரளவு பரவாயில்லை. சயனூரிக்குக்கும், பிஎச் ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் ஆல்கலினிட்டிக்கும் அந்த நாலு கட்டத்தில் எந்த ஆரஞ்சு எந்த ஆரஞ்சு என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்த வேண்டியிருக்கும். ஈரக் கை டப்பாவுக்குள் போனால் மிச்சமிருக்கிற ஸ்ட்ரிப்பும் அவுட்.

ஏப்ரல் 7

சொட்டு எண்ணும் குளோரின் சோதனை. இதன் அடிப்படை டிபிடி என்ற சாயம், பாலின் என்ற வேதியியலாளர் 1957ல் விரிவாக எழுதியது. ஃப்ரீ குளோரின் இருந்தால் ரோஸ் நிறம். சாதாரண டிபிடி கிட்டில் அந்த ரோஸை அட்டையோடு ஒப்பிடுவோம். அதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது: குளோரின் மிக அதிகமானால் சாயத்தையே வெளுத்துவிடும். சொட்டு விழுந்ததும் ஒரு கணம் ரோஸ் மின்னும், அடுத்த கணம் வெறும் தண்ணீர் மாதிரி தெளிந்துவிடும். பார்ப்பவர் குளோரின் பூஜ்யம் என்று இன்னும் ஊற்றுவார். விலை கூடின டிஜிட்டல் மீட்டரும் இதே சாயத்தைத்தான் வெளிச்சம் போட்டுப் பார்க்கிறது, அதுவும் இதே குழியில் விழும். சந்தேகம் வந்தால் மாதிரியில் ஒரு பங்குக்கு நாலு பங்கு குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். பூஜ்யம் காட்டியது ரோஸாக மாறினால் ஆசாமி ஒளிந்திருந்தது தெரிந்துவிடும்.

சொட்டு முறையில் இந்தக் கவலை குறைவு. 10 மில்லி தண்ணீர், பொடி இரண்டு கரண்டி, ரோஸ் வந்ததும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். நிறம் போய்த் தெளிகிற வரை எத்தனை சொட்டு, அதில் பாதி பிபிஎம். அதாவது சொட்டுக்கு 0.5. நிறத்தை ஒப்பிட வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். பொடி போட்டதும் தெளிந்துவிட்டால் இன்னும் ஒரு கரண்டி போடுங்கள். பிறகு அதே தண்ணீரில் மூன்றாவது பாட்டிலிலிருந்து ஐந்து சொட்டு. மறுபடி ரோஸ் எட்டிப் பார்த்தால் அது குளோரமின். அதையும் அதே மாதிரி எண்ணலாம்.

பாட்டிலை நேர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். இன்னொன்று, காய்ந்த துணியால் முனையைத் துடைத்துத் துடைத்து நிலைமின்சாரம் ஏறிவிட்டால் சொட்டு பெரிதாகும் முன்னே பிய்ந்து விழும், எண்ணிக்கை கூடிவிடும். ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் சரி. ஆல்கலினிட்டி, கடினத்தன்மை (கரைந்த கால்சியத்தின் அளவு) எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்தச் சோதனைகளில் ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம், அதனால் நாலு சொட்டு தப்பினால் 40.

ஏப்ரல் 7, பிற்சேர்க்கை

தண்ணீர் எடுக்கிற இடம். தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய்க்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், மிதவைக்குப் பக்கத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து முழங்கை ஆழத்துக்குக் கொண்டுபோய் அங்கே நிமிர்த்துங்கள்.

ஏப்ரல் 9

கேள்வி கேட்டவர் அளந்துவிட்டு வந்திருக்கிறார்: ஃப்ரீ குளோரின் 1.5, குளோரமின் 1.5, சயனூரிக் பாதி கலந்து செய்ததில் 75, ஆக 150. ஆல்கலினிட்டி 90. மஞ்சள் கிட் சொன்ன 3 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? கூட்டிப் பாருங்கள்.

சயனூரிக் நல்லவன்தான். அது கொஞ்சமும் இல்லாத குளத்தில் உச்சி வெயிலில் குளோரின் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆகாது. குளோரினைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு புற ஊதாக் கதிரிலிருந்து காப்பாற்றுகிறது. பிடித்து வைத்திருக்கும் வரை அந்தக் குளோரின் பாசியைத் தொடாது. தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். 30, 40 இருந்தால் கஞ்சத்தனம் அளவோடு இருக்கும். 150ல் கையை இறுக்க மூடிக்கொள்ளும்.

நடைமுறையில் நான் பார்ப்பது ஃப்ரீ குளோரின் சயனூரிக்கில் எத்தனை சதவீதம் என்பதை மட்டும்தான். தினசரிக்கு 7.5 சதவீதம் சுற்றி இருந்தால் பாசி எட்டிப் பார்ப்பதில்லை. சயனூரிக் 40 என்றால் குளோரின் 3. 150 என்றால் 11. உங்களிடம் இருப்பது 1.5, அதாவது ஒரு சதவீதம். பச்சையாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஏப்ரல் 9, இரவு

ஆல்கலினிட்டி 90 என்றதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சோதனை சயனூரிக்கையும் சேர்த்து எண்ணிவிடும். பிஎச் 7.4, 7.5 வாக்கில் சயனூரிக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 150ல் மூன்றில் ஒன்று 50, 90ல் அது போனால் உங்களுக்கு மிஞ்சுவது 40தான். ட்ரைக்ளோர் கடும் அமிலத்தன்மை உள்ளது, நாள்பட ஆல்கலினிட்டியைத் தின்றுகொண்டே இருக்கும். பிஎச் இன்று 7.4 என்று காட்டுவதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

ஏப்ரல் 10

"எல்லா இடத்திலும் 1 முதல் 3 என்றுதானே போட்டிருக்கிறது, 11 எங்கிருந்து வந்தது?"

சயனூரிக் கணக்கை விட்டுவிட்டுப் போட்ட 1 முதல் 3 அது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வீட்டுக் குளங்களுக்குச் சொல்வதும் குறைந்தபட்சம்தான்: சயனூரிக் இல்லாவிட்டால் 1 பிபிஎம், இருந்தால் 2, பிஎச் 7.0 முதல் 7.8 வரை. சயனூரிக் இருந்தால் கூட்டு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பாசியோடு மல்லுக்கட்டும்போது அந்த அடிமட்டம் போதாது என்பது என் வாதம்.

ஏப்ரல் 11

சயனூரிக்கைக் குறைக்க என்ன மருந்து என்று கேட்டிருக்கிறார். வீட்டுக் குளத்துக்கு நான் நம்புகிற மருந்து ஒன்றுதான்: வடிப்பது, நிரப்புவது. பாதி வடித்து நிரப்பினால் 150 என்பது 75 ஆகும், இன்னொரு முறை பாதி என்றால் 37 சொச்சம்.

ஒரேயடியாக முழுக்க வடிக்க வேண்டாம். நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்தில் காலிக் குளம் படகு மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும். கான்கிரீட்டே கிளம்பியிருக்கிறது. ஃபைபர் குளம் உப்பிக்கொள்ளும், வினைல் விரிப்பு சுருங்கி மறுபடி பொருந்தாமல் போகும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். புது நீரை ஒரு பாட்டிலில் பிடித்து அதையும் சோதித்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவதென்றால் இரும்பு இருக்கலாம், அது குளோரினைப் பார்த்ததும் பழுப்பாகும்.

மிதவையைத் தூக்கி வெளியே வையுங்கள். மாத்திரையை ஊருக்குப் போகிற வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிக்குத் திரவக் குளோரின். கால்சியம் ஹைப்போகுளோரைட், சுருக்கமாகக் கால்சியம் ஹைப்போவும் சரிதான், ஆனால் அது 10 பிபிஎம் குளோரினுக்கு 7 பிபிஎம் கடினத்தன்மையைக் கொண்டுவரும். எதைப் போட்டாலும் பின்னால் ஒரு சொந்தக்காரனைக் கூட்டிக்கொண்டுதான் வரும். திரவக் குளோரினும் உப்பு விடும், அதுதான் அதிகம் தொந்தரவு செய்யாத சொந்தம்.

ஏப்ரல் 11, மிக முக்கியம்

ட்ரைக்ளோர் மாத்திரையையும் கால்சியம் ஹைப்போவையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில், ஒரே மிதவையில் சேர்க்காதீர்கள். இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும். சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். பிஎச்சை இறக்க ஊற்றும் ஆசிட்டும் திரவக் குளோரினும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் ஊற்றவும் வேண்டாம், விஷ வாயு வரும். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது.

ஏப்ரல் 12

குளோரின் வாடை பலமாக வந்தால் குளோரின் அதிகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த மூக்கைத் துளைக்கிற வாடை குளோரமினுடையது. பெரும்பாலும் குளோரின் போதாமல், அழுக்கோடு ஒட்டிக்கொண்டவை கழியாமல் தேங்குவதால் வருவது. கண் எரிச்சலும் பாதி அதனால்தான். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கும் முன் குளிக்கவும் கழிவறைக்குப் போகவும் சொன்னால் குளோரின் செலவு குறையும். பெரியவர்களையும் சொல்லலாம், யார் சொல்வது என்பதுதான்.

ஏப்ரல் 12, இரவு

பிஎச் கேள்விக்கு. குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட்டாகவும் பிரிந்து நிற்கும். கிருமியைக் கொல்வதில் முதல்தான் வேகம். பிஎச் 7.2ல் மூன்றில் இரண்டு பங்கு அமில வடிவில், 7.5ல் சரிபாதி, 8ல் நாலில் ஒன்று. பிஎச் ஏறினால் குளோரின் சோம்பேறி ஆகிவிடும் என்று சொல்வது இதனால்தான்.

ஏப்ரல் 13

நேற்று எழுதிய பங்குக் கணக்குக்கு ஒரு திருத்தம். அது சயனூரிக் இல்லாத தண்ணீருக்கு. சயனூரிக் இருந்தால் பிஎச் 7.5லிருந்து 8க்குப் போகும்போது அமில வடிவம் அவ்வளவு செங்குத்தாகச் சரியாது, ஏனென்றால் பெரும் பங்கு ஏற்கெனவே சயனூரிக்கின் பிடியில் இருக்கிறது. பிஎச் 7.8க்காகத் தூக்கம் கெட வேண்டாம் என்பது இதன் நடைமுறைப் பொருள். 8ஐத் தாண்டினால் சுண்ணாம்பு படியும், கண்ணும் உறுத்தும், அதற்காகவாவது இறக்குங்கள்.

ஏப்ரல் 16

இரண்டு முறை பாதி பாதியாக மாற்றியாகிவிட்டதாம். சயனூரிக் 40, பிஎச் 7.7, பச்சை வெளிறியிருக்கிறது, ஆனால் போகவில்லை. நல்லது, இப்போதுதான் குளோரினுக்கு வேலை.

முதலில் பிஎச்சை 7.2க்கு இறக்குங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அடுத்து பச்சைக் குளத்துக்கு சயனூரிக்கில் 40 சதவீதம் குளோரின், உங்களுக்கு 16 பிபிஎம். 45,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 45 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீதத் திரவத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம், ஆக ஒரு பிபிஎம்முக்கு 450 மில்லி. 16க்கு ஏழு லிட்டர் சொச்சம். திரவம் பழசாக இருந்தால், அதுவும் வெயிலில் நின்றதென்றால், 10 சதவீதம் என்பது லேபிளில் மட்டும்தான் இருக்கும். ஊற்றி அரை மணி நேரம் பம்ப் ஓடவிட்டு அளந்து பாருங்கள், குறைந்தால் மேலும் ஊற்றுங்கள்.

ஒரு முறை ஊற்றிவிட்டுப் படுத்துவிடுவது வேலைக்கு ஆகாது. பாசி தின்னத் தின்ன அளவு விழும். பகலில் சில முறை அளந்து 16க்குத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரைத் தேய்த்துவிடுங்கள், படிக்கட்டின் அடி மூலை, ஏணி பொருத்திய ஓட்டை, விளக்கின் பின்புறம் எல்லாவற்றையும். பாசி குடியிருப்பது அங்கேதான்.

அடித்தளம் தெளிவாகத் தெரிகிற வரை யாரும் இறங்கக் கூடாது. குளோரினுக்காகச் சொல்லவில்லை, கலங்கிய தண்ணீரில் ஒருவர் மூழ்கினால் கரையிலிருந்து தெரியாது.

ஏப்ரல் 17

"குளோரின் ஏற்றினதும் பிஎச் 8.2க்கும் மேல் போய்விட்டது, ஆசிட் ஊற்றட்டுமா?"

ஊற்றாதீர்கள். நேற்று பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். குளோரின் 10ஐத் தாண்டினால் பிஎச் பார்க்கும் ஃபீனால் ரெட் சொட்டு வேறொரு பொருளாக மாறி ஊதாவாகத் தெரியும். சிவப்புக்கு அடுத்த சிவப்பு என்று நினைத்தால் பிஎச் வானத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். பார்க்கிற நிறத்தில் நீலச் சாயல் இருந்தால் அந்த அளவைக் குப்பையில் போடுங்கள். குளோரின் 10க்குக் கீழே இறங்கின பிறகு பிஎச் பார்த்தால் போதும். ஆல்கலினிட்டி சோதனையும் இந்த நேரத்தில் வேஷம் போடும்: பச்சையிலிருந்து சிவப்புக்கு வர வேண்டியது நீலத்திலிருந்து மஞ்சளுக்கு வரும். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 20

தெளிந்துவிட்டது, நிறுத்தலாமா என்கிறார். கண்ணுக்குத் தெளிந்தது வேறு, தீர்ந்தது வேறு. இருட்டிய பிறகு ஃப்ரீ குளோரின் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் எட்டிப் பார்க்கும் முன் மறுபடி அளங்கள். நடுவில் எதையும் போடக் கூடாது. வெயில் இல்லாத நேரத்தில் குளோரின் குறைந்தால் அதைத் தின்ன ஆள் இருக்கிறது என்று பொருள். 1 பிபிஎம்முக்குள் குறைந்திருந்து, குளோரமின் 0.5க்குள் இருந்து, தண்ணீரும் தெளிவாக இருந்தால் நிறுத்தலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடருங்கள்.

என் குளத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்த சமயத்தில் இந்த இரவுக் கணக்கு மட்டும் ஒத்துவராமல் அடம் பிடித்தது. கடைசியில் விளக்குக் கூட்டைக் கழற்றினால் பின்னால் ஒரு பாசித் தோட்டமே இருந்தது. விளக்கு மின்சார இணைப்பு உள்ளது, அதைத் துண்டிக்காமல் தொடாதீர்கள்.

ஏப்ரல் 21

ஒருவருக்கு விசித்திரமான கதை: மூடி வைத்திருந்த குளத்தில் போன பருவத்தில் 60 இருந்த சயனூரிக் இப்போது பூஜ்யம், குளோரின் எவ்வளவு ஊற்றினாலும் நிற்கவில்லை. ஏப்ரல் 3ல் சயனூரிக் எங்கேயும் போகாது என்று கறாராக எழுதியதற்கு இது ஒரு விதிவிலக்கு. குளோரின் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் சில பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக்கும். அந்த அம்மோனியா குளோரினை நிமிடக்கணக்கில் விழுங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்து, நிற்கத் தொடங்கும் வரை போராட வேண்டியதுதான். தண்ணீரை மாற்றுவது மலிவா என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள், சில சமயம் அதுவே மலிவு.

ஏப்ரல் 25

பிஎச் வாராவாரம் ஏறுகிறது, ஆசிட் ஊற்றினால் இறங்கி மறுபடி ஏறுகிறது. புது நீரில் ஆல்கலினிட்டி 140 என்கிறார். விடை அதிலேயே இருக்கிறது. தண்ணீரில் கரைந்த கார்பன் டையாக்ஸைடு காற்றுக்குத் தப்பிக்கத் தப்பிக்க பிஎச் ஏறும். ஆல்கலினிட்டி கூடினால் தப்பிக்கும் வேகமும் கூடும். அருவி, நீரூற்று வைத்திருந்தால் இன்னும் வேகம்.

இதையே நமக்குச் சாதகமாக்கலாம். ஆசிட் விட்டு பிஎச்சை 7.1 வரை இறக்குங்கள், ஆல்கலினிட்டியும் சேர்ந்து இறங்கும். பிறகு நீரூற்றைத் திறந்துவிடுங்கள், அல்லது தண்ணீர் திரும்பி வரும் வாயை மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பு கொதிக்கிற மாதிரி செய்யுங்கள். காற்று பிஎச்சை மட்டும் ஏற்றும், ஆல்கலினிட்டியைத் தொடாது. ஏறியதும் மறுபடி ஆசிட். 70, 80 வந்ததும் விட்டுவிடுங்கள். புத்தகத்தில் 80 முதல் 120 என்று இருக்கும். திரவக் குளோரின் போடுகிறவருக்குக் கீழ்க் கோடிதான் வசதி.

எதிர்த்திசையில் போக வேண்டியவருக்கு: 45,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற முக்கால் கிலோ சமையல் சோடா. ஆல்கலினிட்டி பிளஸ் என்ற பெயரில் வாளியில் வருவதும் அதே சோடியம் பைகார்பனேட்தான், வாளிக்குத்தான் கூடுதல் காசு.

மே 2

கடினத்தன்மைச் சோதனையில் சிவப்பு நீலமாகாமல் ஊதாவிலேயே நிற்கிறதாம். ஏப்ரல் 4ல் காப்பர் பற்றி எழுதினேன், இதோ வந்து நிற்கிறது. செம்போ இரும்போ நிறம்காட்டியைப் பிடித்துக்கொள்கிறது. புது மாதிரி எடுத்து, கடைசியில் விட வேண்டிய சொட்டில் ஐந்தாறை முதலிலேயே விட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். மொத்தக் கணக்கில் அந்த ஐந்தாறையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

கடினத்தன்மை எவ்வளவு வேண்டும் என்பது குளத்தின் உடம்பைப் பொறுத்தது. சிமெண்டுப் பூச்சு இருந்தால் 250 முதல் 350 வரை வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் பசியோடு இருக்கிற தண்ணீர் பூச்சிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். வினைல், ஃபைபர் என்றால் கரைக்க ஒன்றும் இல்லை, ஹீட்டர் இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு லாங்லியர் குறியீடு: பிஎச், வெப்பம், கால்சியம், ஆல்கலினிட்டி, கரைந்த உப்பு. 1936ல் குடிநீர்க் குழாய்களுக்காகப் போட்டது, குளத்துக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். பூஜ்யம் சுற்றி இருந்தால் நிம்மதி, கழித்தல் என்றால் அரிக்கும், கூட்டல் என்றால் படியும். அதில் போடுகிற ஆல்கலினிட்டி சயனூரிக் கழித்த ஆல்கலினிட்டியாக இருக்க வேண்டும், ஏப்ரல் 9 குறிப்பைப் பாருங்கள். கடைக் கம்ப்யூட்டர் அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் இந்தக் கழித்தல் நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பதில் ஒரு புன்னகை.

மே 9

கேள்வி கேட்டவர் இப்போது வாரம் முழுக்கத் தினமும் எல்லாச் சோதனையும் செய்வதாக எழுதியிருக்கிறார். ரீஏஜென்ட் தீர்ந்துவிடும், ஐயா. குளோரினும் பிஎச்சும் தினமும், இரண்டு நிமிட வேலை. ஆல்கலினிட்டி வாரத்துக்கு ஒன்று. சயனூரிக், கடினத்தன்மை மாதம் ஒரு தரம், கனமழைக்குப் பிறகோ தண்ணீர் மாற்றினாலோ கூடுதலாக ஒன்று. பாட்டில்களை வெயிலிலும், குளோரின் வைக்கிற அறையிலும் வைக்காதீர்கள். திறந்து ஒரு வருடமானால் மாற்றிவிடுங்கள். பாட்டிலை மாற்றும்போது மூடியை மாற்றிப் போட்டுவிட்டால் இரண்டு சோதனை சேர்ந்து கெடும்.

மே 9, இரவு

அந்த மஞ்சள் கிட்டை எறிய வேண்டுமா என்று கடைசிக் கேள்வி. வேண்டாம். குளத்தில் குளோரின் இருக்கிறதா, சுத்தமாக இல்லையா என்று காலையில் ஒரு பார்வைக்கு அது போதும். இருக்கிறது என்று சொன்னால் எவ்வளவு என்று அதனிடம் கேட்காதீர்கள். மாத்திரை மிச்சம் எத்தனை இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. இருப்பதை மூடி இறுக்கி, கால்சியம் ஹைப்போவுக்கு வெகு தூரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஊருக்குப் போகும்போது சயனூரிக் 50க்குக் கீழே இருந்தால் எடுத்துப் போடலாம்.